தையல் மெஷின் வாங்கினா காசு மிச்சமாகுமா? கணக்கு போட்டுப் பார்ப்போம்

முதல்ல பீரோவைத் திறந்து, வாங்கி மூணு தடவைக்கு மேல போடாத டிரஸ் எத்தனைன்னு எண்ணுங்க. தோள் இறங்குது, இடுப்பு லூஸ், கை பிடிக்குதுன்னு ஏதாவது ஒரு காரணம் இருக்கும். 900 ரூபாய் சட்டையை 3 தடவை மட்டும் போட்டா, ஒரு தடவைக்கு 300 ரூபாய். அதே சட்டை அளவா உட்கார்ந்து 45 தடவை போட்டா 20 ரூபாய்தான். தையல் கத்துக்கறதுல நிஜமான லாபம் இங்கதான் இருக்கு.

கள்ளக்குறிச்சி டவுன்ல இருக்கிறவங்களுக்கு டெய்லர் கடை பக்கத்துலயே இருக்கும். கல்வராயன் மலைல, வெள்ளிமலை பக்கம் வேலை பார்க்கிறீங்கன்னு வைங்க. அளவு கொடுக்க, வாங்க, சரியில்லைன்னா திருப்பிக் கொடுக்கன்னு ஒவ்வொரு தடவையும் கச்சிராயபாளையம் வழியா பஸ்ல கீழே இறங்கணும். கூலியோட பஸ் காசும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் சேர்ந்து போகுது. அதனால பல பேர் "சரி, இப்படியே இருக்கட்டும்"னு விட்டுடறோம்.

இப்போ மெஷின் கணக்கு. ஒரு உதாரணத்துக்கு, பழைய மெஷின், கத்திரி, டேப் எல்லாம் சேர்த்து 6,000 ரூபாய். ஒரு குர்த்திக்குத் தையல் கூலி 300. போட்ட காசு திரும்ப 20 குர்த்தி தைக்கணும். மாசம் ஒண்ணுன்னா 20 மாசம்! முதல் நாலஞ்சு கெட்டுப்போகும், அதையும் சேர்த்துக்கோங்க. அதனால ஆர்வத்துல இஎம்ஐ போட்டு புது மெஷின் வாங்காதீங்க. (1856லயே அமெரிக்காவுல சிங்கர் கம்பெனி தவணைக்குத் தையல் மெஷின் வித்திருக்கு. நம்ம இஎம்ஐக்குத் தாத்தா அது!)

முதல்ல ஆல்டரேஷன் கத்துக்கோங்க. தெரிஞ்சவங்க மெஷின்ல, நூல் கோக்காம, கோடு போட்ட பேப்பர் மேல ஓட்டிப் பழகுங்க. அப்புறம் லூஸான டாப்ஸ் ஒண்ணு. ஒரு பக்கம் அரை இஞ்ச் உள்ளே தள்ளித் தைச்சா சுற்றளவுல 1 இஞ்ச் குறையும், ஏன்னா முன்பக்கம் அரை, பின்பக்கம் அரை. ரெண்டு பக்கமும் தைச்சா 2 இஞ்ச். இதை மறந்துட்டு பக்கத்துக்கு 2 இஞ்ச் பிடிச்சா மூச்சு விட முடியாது. பக்கவாட்டைப் பிடிக்கிறது சுலபம், தோளைச் சரி பண்றது கஷ்டம். ரெடிமேட் வாங்கும்போதும் தோள் சரியா இருக்கான்னு முதல்ல பாருங்க. இடுப்பை அப்புறம் பிடிச்சுக்கலாம்.

புதுசா தைக்கணும்னா நேர் வெட்டு காட்டன் குர்த்தி நல்லது. சட்டை காலர் பக்கம் இப்போதைக்குப் போகாதீங்க. மார்பளவு 36ன்னா, அப்படியே 36க்கு வெட்டக்கூடாது. கை தூக்கணும், உட்காரணும் இல்லையா? 3 இஞ்ச் தளர்வு சேர்த்தா 39. நாலா மடிச்ச துணில கால் பங்கு 9¾, தையலுக்கு 1 இஞ்ச், ஆக 10¾ல வெட்டணும். அந்த 1 இஞ்ச் துணிக்குக் கஞ்சத்தனம் வேண்டாம். நாளைக்கு வெயிட் போட்டா பிரிச்சு விட அதுதான் இருக்கு.

நான் பண்ண தப்பையும் சொல்லிடறேன். காட்டன் துணியை நனைச்சுக் காய வைக்காம அப்படியே வெட்டிட்டேன். தைச்சதும் சூப்பரா இருந்துச்சு. முதல் துவைப்புல சுருங்கி, தம்பி பையனுக்குப் போயிடுச்சு. அதுக்கப்புறம் எதை வெட்டினாலும் முதல்ல பழைய வேட்டித் துணில ஒரு ட்ரையல் தைச்சுப் போட்டுப் பார்க்கிறேன்.

ஊர்ல வேலை தேடிட்டு இருக்கிற தங்கச்சி இருந்தா, வங்கிகள் நடத்துற ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்துல கேட்கச் சொல்லுங்க. ஆர்செட்டின்னு சொல்வாங்க. தையல் பயிற்சி இலவசம், சாப்பாடும் உண்டு. சம்பளத்துல இருக்கிற நமக்கானது இல்லை அது.

ஆறு மாசம் ஆல்டரேஷன் பண்ணியும் ஆர்வம் குறையலைன்னா மெஷின் பாருங்க. பழசு வாங்கப் போறப்ப ஒரு காட்டன் துண்டைக் கையோட எடுத்துட்டுப் போய், ரெண்டா மடிச்சு தைச்சுப் பாருங்க. மேலயும் கீழயும் தையல் ஒரே மாதிரி விழணும். அடில நூல் வளையம் வளையமா நின்னா, பெரும்பாலும் மேல்நூல் டென்ஷன் லூஸ். அங்கேயே திருகச் சொல்லி மறுபடி ஓட்டுங்க. அப்பவும் சரியாகலைன்னா அடுத்த மெஷினைப் பாருங்க.