கையைக் கடிக்காத கடற்கரை விடுமுறை

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நெருங்கும்போதே வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிடும். "லங்காவி போலாமா?" என்பான் மகன். "ரெடாங்" என்பாள் மகள். அப்பா கைப்பேசியை எடுத்து அறை வாடகையைப் பார்ப்பார். அதோடு பேச்சு அடங்கும். கடைசியில் பேரங்காடியில் ஒரு படம், ஒரு கோழிப் பொரியல், ஒரு பொம்மை என்று விடுமுறை முடிந்துபோகும். அந்த ஒரு மாலைக்கான ரசீதுகளைக் கூட்டிப் பார்த்தால் இருநூறு ரிங்கிட்டைத் தொடும்.

இத்தனைக்கும் நாம் இருப்பது செபராங் ஜெயாவில். ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் அறைக்குப் பணம் கட்டி வந்து பார்க்கும் கடல், நமக்குச் சாலை நெரிசல் இல்லாத நாளில் ஒரு மணி நேரத் தூரம். கடற்கரை விடுமுறையில் பணத்தை விழுங்குவது கடல் அல்ல, அறை. அந்த அறை நமக்குத் தேவையில்லை என்பதுதான் பெருநிலத்தில் வாழ்பவர்களுக்குக் கிடைத்திருக்கும் பெரிய சலுகை.

பருவமும் நம் பக்கம்தான். ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளில் நவம்பர் தொடங்கி வடகிழக்குப் பருவமழை. கடல் கொந்தளிப்பதால் அங்கே பெரும்பாலான விடுதிகள் மாதக் கணக்கில் மூடிக் கிடக்கும். அதே பருவத்தில் மேற்குக் கரை மலைத்தொடரின் மறைவில் இருக்கிறது. டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை பினாங்கில் வெயில் நன்றாக அடிக்கும். இங்கே மழை கொட்டுவது செப்டம்பர், அக்டோபரில். ஆகவே ஆண்டிறுதி விடுமுறைக்குக் கிழக்குக் கரையை நினைத்து ஏங்குவதில் அர்த்தமே இல்லை.

பாலமா, பெர்ரியா?

முதலில் பாலத்தைப் பார்ப்போம். செபராங் ஜெயாவிலிருந்து பத்து ஃபெரிங்கி போய்த் திரும்ப ஏறக்குறைய 70 கிலோமீட்டர். பினாங்குப் பாலத்தில் தீவுக்குப் போகும்போது மட்டும்தான் கட்டணம், காருக்கு ஆறு ரிங்கிட்டுக்குச் சற்றே குறைவு. 2019 முதல் மோட்டார் சைக்கிளுக்கு அதுவும் இல்லை. பெட்ரோலையும் சேர்த்தால் காரில் போகும் குடும்பத்துக்கு இருபது ரிங்கிட்டுக்குள் அடங்கிவிடும்.

பெர்ரியில் போனால் செலவு கொஞ்சம் கூடும். பட்டர்வொர்த் துறைமுகத்தில் ஏறி ஜார்ஜ்டவுனில் இறங்கி, வெல்ட் கீ படகுத்துறையில் ரேப்பிட் பினாங்கு 101 பேருந்தைப் பிடித்தால் அது தஞ்சோங் பூங்கா, பத்து ஃபெரிங்கி வழியாகத் தெலுக் பஹாங் வரை போகும். இரண்டு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள் என்றால் பெர்ரிக்கும் பேருந்துக்கும் சேர்த்துப் போய் வர நாற்பது ரிங்கிட்டுக்குள் முடியும். பணத்தை மட்டும் எண்ணினால் கார்தான் மலிவு.

ஆனாலும் நான் பெர்ரிக்குத்தான் ஓட்டுப் போடுவேன். தஞ்சோங் பூங்காவிலிருந்து பத்து ஃபெரிங்கி வரை மலைக்கும் கடலுக்கும் நடுவே வளைந்து வளைந்து போகும் சாலை அது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் அங்கே கார் நகராது. ஓட்டுபவருக்குக் கடல் கண்ணிலேயே படாது, முன்னால் நிற்கும் காரின் பின்விளக்குதான் தெரியும். பேருந்தும் அதே நெரிசலில்தான் நிற்கும் என்றாலும் அப்பாவும் சன்னல் வழியே வேடிக்கை பார்க்கலாமே! காரையும் ஏற்றிச் சென்ற பழைய பெர்ரிகள் 2020 டிசம்பர் 31-உடன் ஓய்வு பெற்றன. 2023 ஆகஸ்டில் வந்த நான்கு புதிய பெர்ரிகளில் ஆட்களும் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் மட்டுமே போகலாம். குளிர்சாதன வசதி இருக்கிறது. பழைய பெர்ரியில் முகத்தில் அடித்த உப்புக் காற்றுக்கு அது ஈடாகுமா என்பது வேறு விஷயம். முதன்முறை ஏறும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்தக் கேள்வியே கிடையாது. அதற்குக் கப்பல் என்றால் கப்பல்தான்.

ஹோட்டல் முன்னால் இருக்கும் மணல் யாருடையது?

பத்து ஃபெரிங்கியில் நம்மவர்களுக்கு ஒரு தயக்கம் உண்டு. பெரிய பெரிய ஹோட்டல்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்துவிட்டு, "இது அவங்க கடற்கரை போல" என்று ஒதுங்கிப் போவார்கள். அப்படி எதுவும் இல்லை. நம் நாட்டுத் தேசிய நிலச் சட்டப்படி அலை ஏறி இறங்கும் கரைப்பகுதி மாநில அரசுக்குரிய நிலம். ஹோட்டலின் நாற்காலியும் குடையும் நீச்சல் குளமும் அவர்களுடையவை. அதற்கு முன்னால் இருக்கும் மணலில் நீங்கள் பாய் விரித்து உட்காரலாம், நடக்கலாம், பிள்ளைகள் மண்வீடு கட்டலாம். ஹோட்டல் கூடம் வழியாகப் போகத் தேவையில்லை, சாலையிலிருந்து மணலுக்கு இறங்கப் பொதுப்பாதைகள் இருக்கின்றன.

இந்தக் கரை எப்போதும் பணக்காரர்களுக்கென்றே இருந்ததும் இல்லை. 1948-இல் வந்த லோன் பைன் ஹோட்டல்தான் இங்கே பழைய பெயர். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் முதுகுப்பையோடு வந்த ஹிப்பிகள் கம்பத்து வீடுகளில் சில்லறைக் காசுக்குத் தங்கிய இடம் இது. 1973-இல் ராசா சாயாங் ஹோட்டல் திறந்தது. அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டடங்கள் எழும்பி, வாடகையும் கூடவே ஏறியது.

இங்கே பணம் கரையும் இடங்கள் இரண்டு. ஒன்று, பாராசூட், ஜெட் ஸ்கீ, வாழைப்பழப் படகு. ஏறுவதற்கு முன் விலையையும் நேரத்தையும் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். உயிர்காப்பு உடை இல்லாமல் ஏறவே வேண்டாம். இரண்டு, மாலையில் சாலையோரம் முளைக்கும் இரவுச் சந்தை. வேடிக்கை பார்க்கக் காசு கிடையாது.

பேருந்திலேயே இன்னும் கொஞ்சம் போய்த் தெலுக் பஹாங்கில் இறங்கினால் கூட்டம் குறையும். பழைய பந்தாய் ஆச்சே காட்டுக் காப்பகமே 2003-இல் பினாங்கு தேசியப் பூங்காவானது. முகப்பில் பதிவு செய்து, நுழைவுக் கட்டணம் கட்டிவிட்டுக் காட்டுப் பாதையில் நடக்கலாம். ஒரு பாதை தெலுக் டுயோங் போகிறது. மங்கி பீச் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். அதற்கு மேலே 1883-இல் கட்டிய முக்கா ஹெட் கலங்கரை விளக்கம் நிற்கிறது. இன்னொரு பாதை பந்தாய் கெராச்சுட் கடற்கரைக்கு. கடலாமைகள் முட்டையிட வரும் கரை அது. ஆமைக் குஞ்சுகளைப் பாதுகாக்கும் நிலையமும், மேலே நன்னீரும் அடியில் உப்புநீரும் கலக்காமல் நிற்கும் அபூர்வ ஏரியும் அங்கே இருக்கின்றன. நடக்க ஒன்றரை மணி நேரம் ஆகும், ஏற்றமும் உண்டு. பாட்டியையும் கைக்குழந்தையையும் அழைத்துப் போகும் இடமல்ல. திரும்பும்போது கால் ஓய்ந்துவிட்டால் படகு பிடிக்கலாம், நான்கைந்து பேர் சேர்ந்து வாடகையைப் பகிர்ந்துகொண்டால் பாரம் தெரியாது. மழைக்குப் பின் சில பாதைகளை மூடிவைப்பார்கள் என்பதால் எது திறந்திருக்கிறது என்று முகப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

மாசி மகத்தன்று தெலுக் பஹாங் வேறு ஊராகவே மாறிவிடும். சிங்கமுக காளியம்மன் கோயில் தெப்பம் கடலில் மிதக்க, கரையெல்லாம் பக்தர்கள் விளக்கை நீரில் விட்டுக்கொண்டு நிற்பார்கள். பிப்ரவரி, மார்ச் வாக்கில் ஒரே ஒரு கடற்கரைப் பயணம்தான் முடியும் என்பவர்கள் அந்த நாளைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

அம்மாவின் விடுமுறை

இனி, யாரும் கணக்கில் சேர்க்காத ஒரு செலவுக்கு வருவோம். நம் வீடுகளில் சிக்கன விடுமுறை என்றால் அதன் பொருள் பெரும்பாலும் இதுதான்: அம்மா காலை நான்கரை மணிக்கு எழுந்து புளிச்சோறு கிளறி, முட்டை அவித்து, கோழி வறுத்து, சம்பல் அரைத்து, ஆறு டப்பாவில் அடைப்பார். கடற்கரையில் பரிமாறுவார். துண்டைப் பிழிவார், மணலை உதறுவார். இரவு வீடு திரும்பியதும் மற்றவர்கள் தூங்கப் போவார்கள், அவர் டப்பா கழுவப் போவார். "ரொம்ப மலிவா முடிஞ்சிருச்சு" என்று அப்பா பெருமைப்படுவார். மிச்சமான பணம் யாருடைய உழைப்பில் மிச்சமானது?

ஐரோப்பாவில் குறைந்த செலவில் கடற்கரை என்றால் பலர் சொல்லும் பெயர் பல்கேரியா. அங்கே கருங்கடல் ஓரத்தில், கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் 1950களின் பிற்பகுதியில் அரசே கட்டத் தொடங்கிய 'சன்னி பீச்' என்ற விடுமுறை நகரம் இருக்கிறது. பிரிட்டனில் சாதாரணச் சம்பளக்காரர்கள் குடும்பத்தோடு அங்கே போகிறார்கள். அவர்களில் பலர் எடுப்பது விமானம், அறை, சாப்பாடு எல்லாம் ஒரே விலையில் அடங்கிய பயணத் திட்டம். அந்த ஒரு வாரம் வீட்டில் யாரும் அடுப்பைப் பற்ற வைப்பதில்லை. விலை குறைவுதான், ஆனால் சமைப்பவருக்கும் அதில் விடுமுறை இருக்கிறது.

நம் ஊரில் இதற்கு விமானம் ஏற வேண்டியதில்லை. பத்து ஃபெரிங்கியிலும் தெலுக் பஹாங்கிலும் அங்காடிக் கடைகள் உண்டு. நால்வர் மதியம் சாப்பிட ஐம்பது, அறுபது ரிங்கிட் ஆகும் என்று வையுங்கள். ஐஸ் கச்சாங், இளநீர் என்று இன்னொரு இருபது. பெர்ரி, பேருந்தையும் சேர்த்தால் மொத்தம் நூற்று இருபது. பேரங்காடி மாலைக்கு ஆனதைவிடக் குறைவுதான். தண்ணீரும் பிஸ்கட்டும் மட்டும் வீட்டிலிருந்து கொண்டுபோனால் போதும், புளிச்சோறு இன்னொரு நாளைக்கு ஆகட்டும்.

ஓர் இரவாவது தங்கியே ஆக வேண்டும் என்றால் சனிக்கிழமையை விட்டு ஞாயிறு இரவையோ வார நாளையோ பாருங்கள். பள்ளி விடுமுறை முடிந்த அடுத்த வாரத்தில் வாடகை நன்றாக இறங்கும். பிள்ளைகள் இன்னும் பள்ளிக்குப் போகாத இளம் தம்பதிகளும் தனியாக வேலைக்குப் போகும் இளைஞர்களும் விடுமுறை வாரத்தில் முட்டி மோதத் தேவையே இல்லை. இந்தியாவிலிருந்து வந்த உறவினர் பெயரில் அறை எடுத்தால் வெளிநாட்டவருக்கான சுற்றுலா வரியாக ஓர் இரவுக்கு அறை ஒன்றுக்கு 10 ரிங்கிட் கூடுதலாகக் கேட்பார்கள். மலேசியர்களுக்கு அந்த வரி இல்லை.

கடலில் கவனம்

நம் பிள்ளைகளில் நீச்சல் தெரிந்தவர்கள் குறைவு. பெரியவர்களில் இன்னும் குறைவு. இடுப்பளவு நீரைத் தாண்ட வேண்டாம், சிறு பிள்ளைகளை ஒரு கை எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 'இன்று யார் பார்த்துக்கொள்வது' என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கும் நேரத்தில்தான் யாருமே பார்ப்பதில்லை.

இரண்டாவது, ஓபோர்-ஓபோர் எனும் ஜெல்லிமீன். பினாங்குக் கடலில் கடும் நஞ்சுள்ள பெட்டி ஜெல்லிமீனும் உண்டு. எச்சரிக்கைப் பலகை இருந்தால் நீரில் இறங்காதீர்கள். பந்தாய் கெராச்சுட் ஆமை பார்க்கும் இடம், குளிக்கும் இடம் அல்ல. கைகால் மூடிய நீச்சலுடை பெருமளவு காக்கும். பையில் ஒரு சிறு போத்தல் வினிகர் இருக்கட்டும். கொட்டிவிட்டால் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது. கொட்டிய இடத்தில் அரை நிமிடமாவது வினிகரைத் தாராளமாக ஊற்றுங்கள். மூச்சு முட்டினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே 999.

மூன்றாவதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பள்ளி விடுமுறை. காலை ஒன்பது மணியளவில் சுமத்ராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்தது, மதியம் ஒரு மணிக்கு மேல் அலை பினாங்கை எட்டியது. மாநிலத்தில் 52 பேர் இறந்தார்கள், அவர்களில் பலர் குடும்பத்தோடு கடற்கரைக்குப் பொழுதுபோக்க வந்தவர்கள். கடல் வழக்கத்துக்கு மாறாகச் சட்டென்று உள்வாங்கினால் மீன் பொறுக்க ஓடக் கூடாது, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓட வேண்டும். அன்று பிறக்காத பிள்ளைகளுக்கு இதை மணலில் உட்கார வைத்து ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

ஒரு முழு நாள் கூடக் கிடைக்காத வீடுகள் இங்கே நிறைய. பிறை தொழிற்பேட்டையில் அப்பா பகல் ஷிப்ட், அம்மா இரவு ஷிப்ட் என்றால் தீவுப் பயணம் பேச்சோடு நிற்கும். அவர்களுக்குப் பெருநிலத்திலேயே கரை இருக்கிறது. பட்டர்வொர்த்துக்கு வடக்கே பாகான் ஆஜாமில் பந்தாய் பெர்சே, அதையும் தாண்டி ரோபினா கடற்கரை. பாலக் கட்டணம் கிடையாது. குளிக்கும் கடல் அல்ல, சேறு கலந்த ஆழமில்லாத நீர். நீர் வற்றும் வேளையில் சேற்றுப் படுகை வெகுதூரம் விரியும். தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோலா மூடா வரை நீளும் இந்தப் படுகைக்கு, வடக்கே குளிர் தொடங்கியதும் ஆயிரக்கணக்கான மைல் பறந்து வரும் கரைப்பறவைகள் இரை தேடி இறங்குகின்றன. அவற்றைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து தொலைநோக்கியோடு ஆட்கள் வருகிறார்கள்.

நீர் ஏற்ற இறக்க நேரத்தைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டு, ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புங்கள். டிசம்பரில் சூரியன் ஏழு மணி வாக்கில் மேற்கே கடலில் இறங்கும். பந்தாய் பெர்சேயில் சுட்ட மீன் கடைகள் இருக்கின்றன. தட்டை அவர்களே கழுவிக்கொள்வார்கள்.