அக்டோபரில் விலகுவதும் ஏப்ரலில் விலகுவதும்

அமெரிக்கப் பல்கலைக்கழகக் கூடைப்பந்தில் ஆட்டக்காரர்கள் அதிகம் போனால் நான்கைந்து ஆண்டுகள் இருந்துவிட்டுப் போகின்றவர்கள். தலைமைப் பயிற்றுநரோ முப்பது, நாற்பது ஆண்டுகள் நிலைத்திருந்து, நாளடைவில் அணியின் பெயரும் தம் பெயரும் ஒன்றே என்று சொல்லுமளவுக்கு வளர்ந்துவிடுகிறார். வட கரோலினா பல்கலைக்கழகம் 1986இல் திறந்த புதிய அரங்கத்துக்கு, அப்போதும் பணியில் இருந்த டீன் ஸ்மித்தின் பெயரையே சூட்டியது. சுவரில் பெயர் பொறித்த பின் அந்த மனிதரிடம் போகச் சொல்லும் துணிவு எந்த நிர்வாகிக்கு வரும்? ஆகவே நீண்டநாள் பயிற்றுநர் எப்போது விடைபெற வேண்டும் என்ற வினாவுக்கு, நடைமுறையில் அவரே விடை சொல்ல வேண்டியதாகிறது.

ஒரு காலத்தில் விதியே விடை சொன்னது. கென்டக்கி பல்கலைக்கழகத்தில் 1930 முதல் பயிற்றுவித்து நான்கு தேசியப் பட்டங்களை வென்ற அடால்ஃப் ரப், பணியில் தொடரவே விரும்பினார். ஆயினும் எழுபது வயதில் ஓய்வு என்ற பல்கலைக்கழக விதிக்கு உட்பட்டு 1972இல் விலக நேர்ந்தது. 1986ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் பெரும்பாலான பணிகளில் வயதை மட்டும் காரணமாக்கிக் கட்டாய ஓய்வு அளிப்பதைத் தடுத்துவிட்டதால், அந்த வழி பின்னர் அடைபட்டது. வெற்றிக் கணக்கும் நம்பத்தக்க அளவுகோலன்று. ஜான் வுடன் 1975இல் தமது பத்தாவது பட்டத்தோடு யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தை விட்டு விலகியது அழகான முடிவுதான் என்றாலும், அடுத்து வந்த ஜீன் பார்ட்டோ 52 ஆட்டங்களில் வென்று 9இல் மட்டுமே தோற்றும் இரண்டே ஆண்டுகளில் வெளியேறிய பின், அந்த அழகின் விலையை யார் செலுத்தினார் என்று கேட்கத் தோன்றுகிறது.

உண்மையான அளவுகோல் ஆடுகளத்துக்கு வெளியே, ஆள்சேர்ப்பில் இருக்கிறது. பள்ளியில் படிக்கும் பதினாறு, பதினேழு வயது ஆட்டக்காரரின் வீட்டுக்கே சென்று, பெற்றோருடன் அமர்ந்து, தம் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்குமாறு வேண்டுவது பயிற்றுநரின் ஓயாத பணி. அங்கே அவர் விற்பது கட்டடத்தையன்று, தம்மை. உங்கள் மகன் பட்டம் பெறும்வரை அவனுக்கு நான் பொறுப்பு என்பதே அந்தப் பேச்சின் உட்பொருள். எனவே போட்டிப் பல்கலைக்கழகத்தார் முதிய பயிற்றுநருக்கு எதிராகப் பயன்படுத்தும் ஆயுதமும் எளிதானது: உங்கள் பிள்ளை மூன்றாம் ஆண்டுக்கு வரும்போது அவர் அங்கே இருக்கமாட்டார் என்ற ஒரு சொல் போதும். இதற்கு அஞ்சியே பலர் தங்கள் ஓய்வுத் தேதியை மறைக்கின்றனர். அந்த உறுதிமொழியை அடுத்த மாணவருக்கு மனமறிந்து அளிக்க முடியாத நாளே விலக வேண்டிய நாள் என்று கொண்டால், வயதும் வெற்றியும் இரண்டாம் நிலைக்குச் சென்றுவிடுகின்றன.

டியூக் பல்கலைக்கழகத்தில் 1980 முதல் பணியாற்றிய மைக் ஷஷெவ்ஸ்கி இதை உணர்ந்தே நடந்தார். 2021 ஜூனில், வரும் பருவமே தமக்குக் கடைசி என அறிவித்து, தாம் பயிற்றுவிக்கப்போகாத மாணவரை அழைப்பது நேர்மையாகாது என்பதையும் காரணமாகக் கூறி, எதிர்கால ஆள்சேர்ப்பைத் துணைப் பயிற்றுநர் ஜான் ஷையரிடம் ஒப்படைத்தார். அந்த ஓராண்டு நீண்ட வழியனுப்பு விழாவாக மாறியது என்னும் குறை நியாயமானதே. சொந்த அரங்கின் கடைசி ஆட்டத்திலும், பின்னர் தேசிய அரையிறுதியிலும் அவர் பரம எதிரியான வட கரோலினாவிடமே தோற்றார். இருப்பினும் பொறுப்பு கைமாறியதில் எவருக்கும் ஐயம் எழவில்லை.

சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. விதிமீறல்களுக்காக 2015இல் தண்டிக்கப்பட்ட ஜிம் போஹைம் மூன்று ஆண்டுகளில் ஓய்வு பெறுவார் என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. மைக் ஹாப்கின்ஸ் வாரிசாக நியமிக்கப்பட்டார். அடுத்த ஆண்டே அணி தேசிய அரையிறுதியை எட்டியது. 2017இல் ஹாப்கின்ஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குச் சென்றுவிட, போஹைமின் தேதி காற்றில் கரைந்தது. 2023 மார்ச்சில், 47ஆவது பருவத்தின் கடைசித் தோல்விக்குப் பின், தாம் தொடர்வாரா என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் அவர் செய்தியாளர்களைச் சந்தித்த சில மணி நேரத்தில், புதிய பயிற்றுநரின் பெயரைப் பல்கலைக்கழகமே வெளியிட்டது. 78 வயதில் அவருக்குக் கிடைத்தது இந்த விடைதான்.

ஆண்டைவிட மாதம் முக்கியம் என்பதை டீன் ஸ்மித் நன்கறிந்திருந்தார். ஏப்ரலில் விலகினால் நிர்வாகம் நாடெங்கும் ஆள் தேடும்; பருவம் தொடங்குவதற்குச் சில வாரங்களே இருக்கையில் விலகினால் அருகிலிருப்பவரையே அமர்த்தும். 879 வெற்றிகளோடு ரப்பின் எண்ணிக்கையைக் கடந்த 1997ஆம் ஆண்டின் அக்டோபரில், புதிய பருவத்துக்கு வேண்டிய ஊக்கம் தம்மிடம் இல்லை என்று கூறி அவர் விலகியபோது, முப்பது ஆண்டுகள் துணைநின்ற பில் கத்ரிஜுக்கு அந்த இடம் கிடைத்தது. ஜேமிசன், கார்ட்டர் ஆகிய ஆட்டக்காரர்கள் இருந்த அந்த அணி தேசிய அரையிறுதி வரை சென்றது. எனவே எவரும் குறை சொல்லவில்லை. எனினும் மாணவர்களின் பக்கம் நின்று பார்த்தால், தேர்ந்தெடுத்த பயிற்றுநர் வகுப்புகள் தொடங்கிய பின் விலகுவது, அவர்களிடம் வேறு வழி எதையும் விட்டுவைக்காத செயலே.

2021 முதல் ஆட்டக்காரர்கள் ஓராண்டு காத்திருக்காமலேயே வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறி ஆடவும், தங்கள் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்கு அளித்துப் பணம் ஈட்டவும் வழி பிறந்தது. நான்காண்டு உறுதிமொழி இருபுறமும் தளர்ந்தது. ஒவ்வொரு வசந்த காலத்திலும் தம் அணியையே மீண்டும் பேரம் பேசித் திரட்ட வேண்டிய நிலை பயிற்றுநருக்கு வந்தது. 2019இல் வர்ஜீனியாவுக்குப் பட்டம் வென்று தந்த டோனி பென்னட், 2024 கோடையில் ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டு, அதே அக்டோபரில் 55 வயதில், இந்தச் சூழலுக்குத் தாம் பொருத்தமானவர் அல்லர் என்று சொல்லி விலகினார். காரணம் நேர்மையானது, மாதம்தான் தவறு. அந்தச் சூழல் ஏப்ரலிலும் இருந்தது. இடைக்காலப் பயிற்றுநரின் கீழ் அணி 15 ஆட்டங்களில் வென்று 17இல் தோற்றது. 2025 மார்ச்சில் வர்ஜீனியா வெளியிலிருந்து ரயன் ஓடமை அழைத்து வந்தது.