நான்கு நிலையங்களும் இரண்டு எழுத்துகளும்

ஒரு சொல்லை ஒலிக்கத் தொடங்கும்போது நாவும் இதழும் அண்ணமும் முதற்கண் கொள்ளும் நிலைக்கு இடப்பட்ட வரிவடிவமே முதலெழுத்து. அம்முதலெழுத்தின் வழியே சொற்களை நிரல்பட நிறுத்தும் நூல் அகரமுதலி. அகராதி என்னும் பழகிய பெயரின் பின்பாதி வடசொல் ஆதலால், 1974-ஆம் ஆண்டு தமிழக அரசு தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் பேரகரமுதலித் திட்டத்துக்குத் தலைமை ஏற்ற தேவநேயப் பாவாணரின் வழிநின்று, அகரமுதலி என்றே இக்கட்டுரையில் எழுதுகிறேன்.

முதலெழுத்து வழி நிறுத்துவது ஒன்றே சொற்களை வகைப்படுத்தும் முறை என்று கொள்ளற்க. திவாகரமும் பிங்கலமும் பொருளால் தொகுத்தவை. தெய்வப் பெயர் ஓரிடத்தும் மக்கட்பெயர் ஓரிடத்தும் விலங்கின் பெயர் ஓரிடத்துமாக அவற்றில் சொற்கள் இனம் இனமாய் நிற்கும். சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதியோ, ஒருசொற் பலபொருளை எதுகையால், அதாவது இரண்டாம் எழுத்தால், அடுக்கியது. யாப்பையே மூச்சாகக் கொண்ட புலவனுக்கு இரண்டாம் எழுத்தே தேடுபொருள். முதலெழுத்து அவனுக்கு மோனை மட்டுமே. 1594-இல் சிதம்பரம் இரேவண சித்தர் தம் அகராதி நிகண்டில் முதலெழுத்தை நெறியாகக் கொண்டார். 1732-இல் வீரமாமுனிவர் பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுப்பாகச் சதுரகராதியை யாத்தார். அன்றுதொட்டு, யாப்பு அறியாதவனும் எழுத்து மட்டும் அறிந்திருந்தால் சொற்பொருள் காணலாம் என்றாயிற்று.

ஆயினும் முதலெழுத்து அண்டை வீட்டைக் காட்டுமேயன்றி உறவைக் காட்டாது. ஆங்கில அகரமுதலியில் 'கேஷ்' என்னும் சொல் இருமுறை வரும். கையிருப்புப் பணத்தைக் குறிக்கும் ஒன்று, பேழை என்னும் பொருளுடைய இத்தாலியக் 'காசா'வின் வழிவந்தது. சிறு செப்புக்காசைக் குறிக்கும் மற்றொன்று, நம் காசு போர்த்துகீசியர் வாய்ப்பட்டு ஆங்கிலம் புகுந்தது; 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று பழைய சென்னையில் கணக்கெழுதிய நாளில் வழங்கியது. எழுத்தும் ஒலியும் ஒன்று, பொருளும் ஏறத்தாழ ஒன்று, ஆனால் பிறந்த வீடு வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் காட்டி, உலகப் பணமெல்லாம் தமிழ்க் காசே என்று மேடையில் முழங்குவோர் உளர். தமிழுக்குப் பெருமை சேர்க்க இத்தகைய பிழை வேண்டுவதில்லை, மெய்யே போதும்.

தமிழில் முதலெழுத்து வெறும் அடுக்கும் கருவியாக மட்டும் இல்லை. அதற்கென்று வரையறை உண்டு. உயிர் பன்னிரண்டும் மொழிமுதலாகும். மெய்களில் சில உயிரோடு கூடி முதலாகும். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்னும் எட்டும் முதலாகா. தொல்காப்பியர் இன்னும் நுணுகி, சகரம் அ, ஐ, ஔ என்னும் மூன்றோடு சொல்லைத் தொடங்காது என்றார். பின்வந்த நன்னூலார் அத்தடையை நீக்கினார். இருபத்தாறு எழுத்தும் முதலாகும் ஆங்கிலத்தில் இத்தகைய காவல் இல்லை. எங்கள் தெருக் கடைப்பலகைகளைப் படித்துச் சென்றால் டகரமும் ரகரமும் லகரமும் முதலான பெயர்கள் வரிசையாய் நிற்கும். இலக்கணம் தெரிந்தவர்க்கு அவை வேற்றூரார் என்று முகத்திலேயே தெரியும்.

கூடுவாஞ்சேரியில் குடியிருப்பவன் இதனைக் கற்க நூலகம் செல்ல வேண்டியதில்லை. செங்கல்பட்டு செல்லும் மின்தொடர்வண்டியில் ஏறி, நிலையப் பெயர்ப்பலகைகளை நோக்கினாலே போதும். எதிர்வீட்டுச் சிறுமி, எட்டாம் வகுப்பு படிப்பவள், ஒரு ஞாயிறு காலை என்னோடு வந்தவள், குறிப்பேட்டில் அவற்றை எழுதிக்கொண்டே வந்தாள். கூடுவாஞ்சேரியை ஆங்கிலப் பலகை 'ஜி' எழுத்தால் தொடங்குகிறது. காட்டாங்கொளத்தூரைக் 'கே' எழுத்தால். சிங்கப்பெருமாள் கோயிலை 'எஸ்' எழுத்தால். செங்கல்பட்டைச் 'சி' எழுத்தால். தமிழில் முன்னிரண்டும் ககரம், பின்னிரண்டும் சகரம். இரண்டு எழுத்து, ஒரே தண்டவாளத்தில் முப்பது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில், நான்காகிவிட்டது.

"தாத்தா, தமிழ்ல ரெண்டும் 'க' தானே? இங்கிலீஷ்ல மட்டும் ஏன் வேற வேற?" என்றாள்.

இதற்கு விடை, எழுத்து என்பது எதைக் குறிக்கிறது என்னும் அடிப்படையில் உள்ளது. ஒலி வேறு, ஒலியன் வேறு. வாயில் பிறக்கும் ஒவ்வொன்றும் ஒலி. பொருளை வேறுபடுத்தும் ஒலியே ஒலியன். தமிழில் ககரம் சொல்லின் முதலில் வன்மையாகவும், இரட்டிக்கும்போது அதனினும் வன்மையாகவும், மெல்லினத்தை அடுத்து அதிர்வொலியாகவும், உயிர்களுக்கு இடையே நெகிழ்ந்தும் ஒலிக்கும். கல், பக்கம், தங்கம், பகல் என்று சொல்லிப் பாருங்கள். நான்கும் நான்கு ஒலி. ஆனால் எவ்வொலி எவ்விடத்தில் வரும் என்பதை இடமே முடிவு செய்துவிடுவதால், எழுத்து ஒன்றே போதுமாயிற்று. தமிழ் எழுத்தில் குறை கண்டு, நான்கு ககரம் இல்லையே என்று வருந்துவோர், சிக்கனத்தை வறுமை என்று மயங்குகின்றனர். இடமறியாத அயலார் காதால் கேட்டதை எழுதும்போதுதான் ஓரூர்க்கு 'ஜி'யும் அடுத்த ஊர்க்குக் 'கே'யும் வாய்க்கின்றன.

உரோமரும் ஒருகாலத்தில் நம்மைப் போலவே எழுதினர். 'சி' என்னும் ஒரே எழுத்தால் வல்லொலியையும் அதன் அதிர்வொலியையும் குறித்தனர். கிறித்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில்தான் அதன்மேல் ஒரு சிறு கோடிட்டு 'ஜி'யைப் படைத்தனர். காயுசு என்னும் ஆட்பெயரின் சுருக்கத்தை அதன்பின்னும் 'சி' என்றே எழுதிவந்தது அப்பழைய நிலையின் எச்சம்.

இனி, சிறுமி கேட்காத வினா ஒன்று உண்டு. அதுவே இதனினும் ஆழமானது. ஆங்கிலச் 'சி', 'கேட்' என்னும் பூனையில் ககரமாகவும், 'சிட்டி' என்னும் நகரில் சகரமாகவும் ஒலிப்பதேன்? ஓரெழுத்து, நாவின் இருவேறு இடங்களில் பிறக்கும் ஒலிகளை ஏன் ஏற்றது?

தொல்காப்பியர் ககரத்தை முதல்நாவும் முதலண்ணமும் பொருந்தப் பிறப்பது என்றும், சகரத்தை இடைநாவும் இடையண்ணமும் பொருந்தப் பிறப்பது என்றும் வகுத்தார். இப்பொழுதே 'கூ' என்று சொல்லி, உடனே 'கீ' என்று சொல்லுங்கள். 'கூ'வில் தொண்டையருகே தொட்ட நா, 'கீ'யில் தானே முன்னகர்வதை உணரலாம். இகர ஈகாரமும் எகர ஏகாரமும் நாவை மேலும் முன்னும் இழுக்கும் உயிர்கள். அவற்றை ஒலிக்க அணியமாகும் நா, முன்னுள்ள ககரத்தையும் தன்னோடு இழுத்துச் செல்கிறது. இழுப்பு நூற்றாண்டுக்கணக்கில் தொடர்ந்தால், முதலண்ணத்தில் பிறந்த ஒலி இடையண்ணத்துக்கே குடிபெயர்ந்துவிடும். இம்மாற்றத்துக்கு அண்ணச்சாய்வு என்று பெயரிடுகிறேன்.

கன்னடம் இம்மாற்றத்துக்கு ஆட்படாமல் பழைய ககரத்தைக் காத்தது, தமிழ் சாய்ந்தது. கன்னடத்தார் 'கிவி' என்பதை நாம் செவி என்கிறோம். அவர்களின் 'கெம்பு' நம் செம்மை, சிவப்பு. அவர்களின் 'கேரி', அதாவது தெரு, நம் சேரி. எனவே குடகு நாட்டு மடிக்கேரியின் ஈற்றிலும் நம் கூடுவாஞ்சேரியின் ஈற்றிலும் நிற்பது ஒரே சொல்தான். அங்கே நா நின்ற இடத்தில் நின்றது. இங்கே ஒரு விரற்கடை முன்னகர்ந்தது.

இந்நெறிக்கு ஒரு தடையும் உண்டு; நெறியினும் தடையே எனக்கு வியப்புத் தருவது. கிளி ஏன் 'சிளி' ஆகவில்லை? கிழங்கு, கேள், கெடு, கிடை, கிணறு ஏன் மாறவில்லை? இவற்றின் இரண்டாம் எழுத்துகளை நோக்குக: ள, ழ, ட, ண. நான்கும் நுனிநா மேல்நோக்கி மடியப் பிறப்பவை. நுனிநா மடிய அணியமாகும்போது முன்னுள்ள உயிரும் பின்வாங்குகிறது. ககரத்தை முன்னிழுக்கும் ஆற்றல் அதற்கு இல்லாமற் போகிறது. முதலெழுத்தை இரண்டாம் எழுத்து காத்தது! எதுகையால் சொல்லடுக்கிய நிகண்டாசிரியர் அறிந்தோ அறியாமலோ நல்ல இடத்தில் கைவைத்திருக்கிறார். கீரை, கீறு போல இவ்வரம்புக்கு அடங்காத சொற்களும் சில உள. கை என்பதும் மாறவில்லை. ஆனால் ஐகாரத்தின் முற்பாதி அகரமே ஆதலால் அதனை விலக்கு என்று கொள்ள வேண்டியதில்லை.

ஆங்கிலேயர் நாவும் நம் நாவைப் போன்ற தசையே. செருமானியர் முகவாயைக் 'கின்' என்பர். ஆங்கிலர் 'சின்' என்பர். அவர்கள் பாலாடைக்கட்டியைக் 'கேசே' என்பர். இவர்கள் 'சீஸ்' என்பர். இசுகாட்லாந்தார் கோவிலைக் 'கிர்க்' என்பர். இவர்கள் 'சர்ச்' என்பர். கிவி செவியானதற்கும் கின் சின்னானதற்கும் இடையே மொழியுறவு எதுவும் இல்லை. வாயின் அமைப்பு ஒன்று, ஆகவே வழியும் ஒன்று. இலத்தீனிலும் இதுவே நேர்ந்தது. நூறு என்னும் பொருளுடைய 'கெந்தும்', இத்தாலியத்தில் 'செந்தோ' ஆயிற்று. பிரஞ்சில் அது மேலும் தேய்ந்து பல்லொலியாயிற்று. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அவர்தம் பிரஞ்சுச் சொற்கள் வெள்ளமெனப் புகுந்தன; அவர்தம் எழுத்தர்களும் தங்கள் எழுத்துமுறையைக் கொணர்ந்தனர். ஆகவே ஆங்கில அகரமுதலியின் 'சி' பகுதி ஒரே மண்ணாலானதன்று. நிலத்தைத் தோண்டினால் தெரியும் படுகைகள் போல, சாயாத பழங்ககரம் ஒரு படுகை, ஆங்கிலத்திலேயே சாய்ந்தது ஒரு படுகை, பிரஞ்சு வாயில் தேய்ந்து வந்த 'சிட்டி', 'செல்', 'சென்ட்' ஒரு படுகை.

இப்படுகைகளின் மேல் தமிழ் மண்ணும் ஒரு பிடி உண்டு. தஞ்சையில் நடுவராயிருந்த பர்னலும் அவர் நண்பர் யூலும் தொகுத்து, பர்னல் மறைந்தபின் 1886-இல் வெளிவந்த ஆப்சன்-சாப்சன் என்னும் சொற்றொகையின் 'சி' பகுதியைப் புரட்டினால், கட்டுமரம், சுருட்டு, கறி, காசு ஆகியன ஆங்கில உடையில் அமர்ந்திருக்கும். கட்டுமரமும் சுருட்டும் நம் அகரமுதலியில் வெவ்வேறு வீட்டார். அங்கே ஒரே கூரையின்கீழ்.

அங்கே சென்றபின் பொருளும் மாறியது. கட்டுமரம் என்பது நமக்கு மரத்துண்டுகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது. அலை ஏறினாலும் நீர் வழிந்தோடுமேயன்றித் தேங்காது. 1697-இல் அச்சேறிய தம் கடற்செலவு நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தை டாம்பியர் விளக்கினார். இன்றைய ஆங்கிலத்திலோ அச்சொல் இரண்டு உடற்பகுதிகளைத் தளத்தால் இணைத்த கலத்தைக் குறிக்கிறது. அதன் உறுதிக்கு ஏது எளியது: இரு தாங்கிடங்களும் விலகி நிற்பதால், கலம் சாயும்போது ஒருபக்கம் அமிழ்ந்து எழுப்பும் நீரின் மேலுந்தல், நடுவிலிருந்து தொலைவில் செயற்பட்டுக் கலத்தை நிமிர்த்திவிடும். கட்டு என்பது மட்டுமே இரண்டுக்கும் பொது.

'சி' பகுதியில் இன்னொரு தமிழ்ச்சொல் கொரண்டம். நம் குருந்தமே அது என்று சொற்பிறப்பு நூல்கள் காட்டுகின்றன. அலுமினியமும் உயிரியமும் கூடிய படிகம் அது. மோசின் கடினவரிசையில் வைரத்துக்குப் பத்து, இதற்கு ஒன்பது. தூயதாயின் நிறமற்றிருக்கும். அதில் குரோமியம் சிறிது கலந்தால் செந்நிறம். இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். அச்செந்நிறக் கல்லை நம் நகைக்கடைகளில் என்ன பெயர் சொல்லிக் கேட்கிறோம்? கெம்பு. செம்மை என்று சாய்ந்துவிட்ட நம் சொல்லின் சாயாத வடிவம், கன்னடம் வழியே திரும்பிவந்து, அட்டிகையிலும் மூக்குத்தியிலும் அமர்ந்திருக்கிறது.

திரும்பும் வண்டியில், சிங்கப்பெருமாள் கோயிலுக்கும் காட்டாங்கொளத்தூருக்கும் இடையே மறைமலைநகர் வந்தது. இதே தடத்தில் வடக்கே, பல்லாவரத்தில் வாழ்ந்து, 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலையடிகளின் பெயர் தாங்கிய ஊர். வேதாசலம் என்னும் இயற்பெயரை அப்படியே தமிழாக்கி அவர் மறைமலையானதையும், அதனால் அவர் பெயர் அகரமுதலியில் வகரத்திலிருந்து மகரத்துக்கு இடம்பெயர்ந்ததையும் சொன்னேன். சிறுமி சிரித்தாள். ஆனால் அவள் எண்ணம் வேறிடத்தில் இருந்தது. குறிப்பேட்டில் கூடுவாஞ்சேரிக்கு எதிரே மடிக்கேரி என்று எழுதி, இரண்டின் ஈற்றையும் வட்டமிட்டிருந்தாள்.

"மடிக்கேரிக்கு இங்கேர்ந்து டிரெயின் இருக்கா தாத்தா?"

"குடகில் தண்டவாளமே இல்லையம்மா. மைசூர் வரை போய், அங்கிருந்து பேருந்துதான்."