தாங்கியுள் எழும் பொய்யெதிரொலி

கொக்குவிற் கிணறொன்றிற் குனிந்து குரல்கொடுத்தால் நீர்ப்பரப்பு மட்டுமன்றிச் சுற்றுச்சுவரும் மறுமொழி கூறும். கொலன்னாவையில் உள்ளன போன்ற எண்ணெய்த் தாங்கிகளின் மட்டத்தை றேடாரால் அளப்பதில் நேரும் இடரும் இத்தகையதே.

கூரையிற் பொருத்திய கருவி நுண்ணலையைக் கீழ்நோக்கிச் செலுத்தி, அது மீளும் நேரத்தைக்கொண்டு மட்டத்தைக் கணிக்கின்றது. எண்ணெய் 10 மீற்றர் கீழிருப்பின், ஒரு செக்கனை நூறு கோடி கூறாக்கியவற்றுள் 67 கூறே அலை போய்வரும் காலமாகும். நீர் தன்மேல் விழும் அலைவலுவிற் பெரும்பங்கைத் திருப்பிவிடும். மின்னுழைய மாறிலி 2 அளவினதாகிய பெற்றோலிய எண்ணெயோ ஏறத்தாழ 3 சதவீதத்தையே திருப்பும். ஆதலின் உள்ளிருக்கும் இரும்பேணியின் எதிரொலி மெய்ம்மட்டத்தினதை விஞ்சிவிடலாம்.

கருவியைச் சுவரினின்றும் நிரப்புக்குழாயினின்றும் விலக்கி வைத்தலே முதற் காப்பு. ஒடுங்கிய கதிரையுடைய உயர் அதிர்வெண் கருவிகளும் உதவும். வெறுந்தாங்கியில் எழும் எதிரொலிகளைப் பதிந்து, பின்னர் அவற்றைப் புறக்கணிக்கச் செய்தல் பிறிதொரு முறை. இம்முறையிலேதான் பெருவிழிப்பு வேண்டும். பாதி நிரம்பிய தாங்கியில் அப்பதிவைச் செய்தால் மெய்ம்மட்டமே பொய்யெனப் பதியும். பின்னொருநாள் எண்ணெய் அவ்வுயரத்தை எய்துங்கால் கருவி அதனைக் காணாதொழியும். பதிவை நாடுமுன் கருவியைத் தன்னச்சிற் சற்றே திருப்பிப் பார்த்தல் நன்று. அலையின் முனைவுத்தளம் மாறுவதால் ஏணியின் எதிரொலி பலகால் தளர்ந்துவிடும்.

2005 டிசெம்பர் 11 இல் இங்கிலாந்தின் பன்ஸ்பீல்டிற் பெற்றோல் வழிந்து வெடித்ததில் 40 இற்கு மேற்பட்டோர் காயமுற்றனர். அங்கே பிழைத்தது றேடாரன்று. மட்டங்காட்டி அசையாது நின்றது. தனித்து இயங்கவேண்டிய உயர்மட்ட ஆளியும் இயங்கவில்லை. எத்துணைச் சிறந்த றேடார் இருப்பினும் அத்தகைய தனியாளியொன்று தாங்கிக்கு வேண்டும். அதனையும் காலந்தோறும் சோதித்தல் வேண்டும்.