உஷார்! விளக்குதான் புதுசு, கம்பம் பழசு

மழை பிடிப்பதற்குள் சொல்லிவிட வேண்டும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிவாசிகளே, தெருவிளக்குக் கம்பத்தில் கை வைக்காதீர்கள். சாய்ந்து நின்று போன் பேசாதீர்கள். பைக்கைச் சங்கிலி போட்டுக் கட்டாதீர்கள். நாயை, மாட்டைக் கட்டவே கட்டாதீர்கள்.

"எல்இடிதானே, அதுல என்ன பெரிசா கரண்ட் இருக்கப்போகுது?" என்றொரு நினைப்பு பலருக்கு இருக்கிறது. ஆளைக் கொல்லும் நினைப்பு அது. 250 வாட் சோடியம் விளக்கு மஞ்சளாக எரிந்த இடத்தில் இன்று ஏறக்குறைய நூறு வாட் எல்இடி வெள்ளையாக எரிகிறது. மின்செலவு பாதிக்கு மேல் மிச்சம். நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் கம்பத்துக்குள் ஏறுகிற ஒயரில் இருப்பது அன்றும் இன்றும் 230 வோல்ட். குறைந்தது வாட்தானே தவிர வோல்ட் இல்லை. ஈரக் காலோடு நிற்பவர் உடம்பில் 0.1 ஆம்பியர் பாய்ந்தாலே இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம். நூறு வாட் எல்இடி எரிவதற்கே அதைப்போல நாலு மடங்கு வேண்டும். ஃபியூஸ் காப்பாற்றும் என்றும் நம்பிவிடாதீர்கள். பல ஆம்பியர் பாய்ந்தால்தான் அது போகும். பக்கத்தில் ஒருவர் ஷாக்கடித்துத் துடிப்பது அதற்குத் தெரியாது.

தேசியத் தெருவிளக்குத் திட்டம் 2015 ஜனவரியில் தொடங்கியது. நாடு முழுக்க அதன்கீழ் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்ட விளக்குகள் எல்இடி ஆகிவிட்டன. இங்கே அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது, ஆவடி 2019-இல் தனி மாநகராட்சி ஆனது. ஊரின் பெயர்ப்பலகை மாறியது, கம்பத்தின் தலை மாறியது. கம்பத்தின் காலை யார் பார்த்தார்கள்?

நீங்களே குனிந்து பாருங்கள், தொடாமல். இரும்புக் கம்பத்தின் அடியில் ஒரு சின்னக் கதவு இருக்க வேண்டும். ஜங்ஷன் பாக்ஸ் என்பார்கள். கீழிருந்து வரும் கேபிளும் மேலே போகும் ஒயரும் அதற்குள்தான் சேர்கின்றன. பல கம்பங்களில் அந்தக் கதவு இருக்காது. கறுப்பு டேப் நாலு சுற்று, அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கவர், அதுவும் வெயிலில் பொடிந்து கிழிந்திருக்கும். சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தியதில் சில இடங்களில் அந்த ஓட்டை கணுக்கால் மட்டத்துக்கு வந்துவிட்டது. அரை அடித் தண்ணீர் தேங்கினால் ஒயர் முனை நேராக நீருக்குள். எர்த் கம்பி அறுந்தோ துருப்பிடித்தோ போயிருந்தால் கம்பம் முழுக்கக் கரண்ட்தான்.

பயமுறுத்துவதாக நினைக்காதீர்கள். 2017 நவம்பர் 1 அன்று கொடுங்கையூரில், மழைநீருக்குள் கிடந்த மின்கம்பியை மிதித்து இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். 2019 செப்டம்பரில் நம் பக்கத்து முகலிவாக்கத்தில், சரியாகப் புதைக்காத மின்வடத்தை மிதித்து 14 வயதுப் பையன் இறந்தான். மூன்று பேருமே தெருவில் கால் வைத்த பிள்ளைகள். வேறெந்தத் தப்பும் செய்யவில்லை.

நம் பங்குக்கு நாமும் சும்மா இருப்பதில்லை. ஆடித் திருவிழா வந்தால் கம்பத்திலிருந்தே கொக்கி போட்டு சீரியல் செட், கட்சிக் கொடிக்குக் கட்டுக்கம்பி, இணைய கேபிள் சுருள், டியூஷன் சென்டர் தட்டி. கட்டுக்கம்பி உரசி ஒயரின் மேலுறை தேய்ந்தால் போதும். அப்புறம் வழியோடு போகிற எவரோ ஒருவர் கை வைப்பார்.

தண்ணீர் தேங்கிய தெருவில் கம்பத்தையும், பில்லர் பாக்ஸ் என்கிற தெருவோர மின்பெட்டியையும் விட்டுத் தள்ளி நடங்கள். தண்ணீரில் காலை வைத்ததும் சுருக்கென்று இழுத்தால் மேலே போகாமல் வந்த வழியே திரும்பிவிடுங்கள். யாராவது கம்பத்தோடு ஒட்டிக்கொண்டால் ஓடிப்போய் இழுக்காதீர்கள், அடுத்த பலி நீங்கள்தான். முதலில் மின்சாரத்தை நிறுத்தச் செய்யுங்கள். அதற்கு வழியில்லை என்றால், காய்ந்த இடத்தில் நின்று, காய்ந்த மரக்கட்டையால் தள்ளிவிடுங்கள். உடனே 108.

கதவில்லாத, சாய்ந்த, அடி துருப்பிடித்த கம்பத்தைக் கண்டால் இன்றே புகார் செய்யுங்கள். அம்பத்தூர்க்காரர்கள் 1913-க்குப் பேசலாம். ஆவடியும் பூந்தமல்லியும் அந்தந்த மாநகராட்சி, நகராட்சி அலுவலகத்துக்குப் போகட்டும். மின்வாரியக் கம்பம் என்றால் மின்னகம், 94987 94987. "அது எங்க கம்பம் இல்ல" என்று ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவது வழக்கம், அதனால் இரண்டு பக்கமும் சொல்லிவையுங்கள். கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள்.