முகத்தைப் பார்த்துக் குணம் சொல்லலாமா?

1831-ஆம் ஆண்டில், பீகிள் கப்பலின் தலைவர் ஃபிட்ஸ்ராய் ஓர் இளைஞரை நேரில் கண்டதும் தயங்கினார். காரணம், இளைஞரின் மூக்கு! அத்தகைய மூக்கு உடையவரிடம் நெடுந்தூரக் கடற்பயணத்துக்கு வேண்டிய ஊக்கமும் மனவுறுதியும் இருக்குமா என்பது அவர் ஐயம். முகத்தின் அமைப்பே குணத்தைக் காட்டும் என்று நூல் எழுதிய சுவிட்சர்லாந்துப் போதகர் லவாட்டரிடம் அவருக்குப் பெருமதிப்பு. நல்லவேளை, மனம் மாறினார். மூக்கினால் இடத்தை இழக்க இருந்த அந்த இளைஞர்தாம் சார்லஸ் டார்வின்.

குற்றவாளிகளுக்கென்று தனி முகம் உண்டா என்று காண, இங்கிலாந்தில் கால்ட்டன் 1870-களில் பல கைதிகளின் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்துப் பார்த்தார். கிடைத்த கூட்டுமுகம், தனித்தனி முகங்களைவிடக் கண்ணியமாகத் தெரிந்தது!

லவாட்டரின் கொள்கையை அறிவியல் என்றோ கைவிட்டது. நாம் கைவிட்டோமா? அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக உளவியலார் இருவர் 2006-இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். முன்பின் அறியாதவர்களின் படங்களை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரமே காட்டி, ‘இவர் நம்பத்தக்கவரா?’ என்பது போன்ற வினாக்களைக் கேட்டனர். கிடைத்த விடைகள், வேண்டிய மட்டும் பார்த்துச் சொன்னவர்களின் விடைகளோடு பெரிதும் ஒத்திருந்தன. நேரத்தைக் கூட்டியபோது கணிப்பு அதிகம் மாறவில்லை. ‘நான் சொல்வது சரி’ என்ற உறுதிதான் வளர்ந்தது.

பலரும் ஒன்றையே சொன்னால் அது உண்மையாகத்தானே இருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். இங்குதான் ஏமாறுகிறோம். சினம், மகிழ்ச்சி ஆகியவற்றை முகத்தில் கண்டறிவது நமக்குக் குழந்தைப் பருவத்திலேயே பழகிவிடுகிறது. ஒருவருக்கு இயல்பாகவே புருவம் தாழ்ந்து, உதட்டின் ஓரங்கள் சற்றுக் கீழ்நோக்கி இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் சும்மா இருந்தாலும் சினந்தவர் போலத் தோன்றுவார். உங்கள் பள்ளியில் ‘கடுகடுப்பானவர்’ என்று பெயரெடுத்த ஆசிரியரின் முகத்தை நினைத்துப் பாருங்கள்! எலும்பும் தசையும் அமைந்த விதத்தைக் குணம் என்று எடுத்துக்கொள்கிறோம். எல்லோரும் ஒரே விதமாகத் தவறுவதால் கருத்தும் ஒன்றாகிவிடுகிறது.

இதன் விளைவு சிறிதன்று. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் கொலைக்குற்றத்துக்காக மரணதண்டனை பெற்ற 371 ஆண்கள், ஆயுள்தண்டனை பெற்ற 371 ஆண்கள் ஆகியோரின் முகங்களை, விவரம் சொல்லாமல் பிறருக்குக் காட்டி மதிப்பிடச் செய்தனர். முடிவு 2015-இல் வெளிவந்தது. மரணதண்டனை பெற்றவர்களின் முகங்களே நம்பிக்கைக் குறைவானவை என்று மதிப்பிடப்பட்டிருந்தன. தண்டனை பெற்று, பின்னர் நிரபராதிகள் என்று விடுவிக்கப்பட்டவர்களின் படங்களை வைத்துப் பார்த்தபோதும் இதே நிலைதான்.