முற்றுப்புள்ளி குறைந்த மரபணு

சொல்லுக்கு இத்தனை காசு என்று எண்ணி எண்ணித் தந்தி அடித்தவர்களுக்கு இந்த மரபணுவின் சிக்கனம் சட்டென்று பிடிபடும். பெயர் என்டி4. நம் மரபணுக்களில் ஏறக்குறைய எல்லாமே செல்லின் கருவுக்குள் இருக்க, இது மைட்டோகாண்ட்ரியாவிலேயே குடியிருக்கிறது. அங்குள்ள டி.என்.ஏ. ஒரு சின்ன வளையம்: 16,569 எழுத்துகள், 37 மரபணுக்கள். 1981இல் கேம்பிரிட்ஜில் அதை முழுதாகப் படித்து முடித்தார்கள்.

இடைவெளி விட்டு எழுதுவது அங்கே அபூர்வம். பக்கத்து மரபணுவான என்டி4எல் முடிவதற்கு 7 எழுத்துகள் முன்பே என்டி4 தொடங்கிவிடுகிறது. அது முடியும் விதம் இன்னும் வேடிக்கை. 'புரதம் இத்தோடு சரி' என்று சொல்ல மூன்றெழுத்துக் குறி வேண்டும். இங்கே முதல் எழுத்து மட்டுமே இருக்கிறது. ஆர்.என்.ஏ.வாகப் படியெடுத்த பிறகு வாலில் ஏ, ஏ, ஏ என்று ஒட்டுவார்களே, அதில் முதல் இரண்டு வந்து குறியை நிரப்புகின்றன. கஞ்சத்தனம் என்றால் இதுதான்!

இது தரும் புரதத்தில் 459 அமினோ அமிலங்கள். சுவாசச் சங்கிலியின் முதல் கண்ணியான காம்ப்ளக்ஸ் 1இல், சவ்வில் பதிந்து புரோட்டானை இறைக்கும் பகுதியில் அது உட்காருகிறது. உணவிலிருந்து வரும் இரண்டு எலக்ட்ரான்களுக்கு 4 புரோட்டான்கள் வெளியேறும். அவை திரும்பிப் பாயும் விசையில் செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. தயாராகிறது.

அந்த வளையத்தின் 11778ஆம் எழுத்தில் ஜி இருக்க வேண்டிய இடத்தில் ஏ வந்தால், புரதத்தின் 340ஆம் இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் ஹிஸ்டிடின் அமர்கிறது. பெரும்பாலும் இளைஞர்களுக்கு, வலியே இல்லாமல், ஒரு கண்ணின் நடுப்பார்வை போகும். சில வாரங்களிலோ மாதங்களிலோ மற்றதும். ஜெர்மன் மருத்துவர் லேபர் இந்நோயை 1871இல் விவரித்தார். எழுத்துப் பிழையை டக்ளஸ் வாலஸ் குழு கண்டுபிடித்தது 1988இல்தான். பிழை இருந்தும் கடைசிவரை பார்வை போகாதவர்கள் உண்டு. புகைப்பழக்கம் ஆபத்தைக் கூட்டும்.

சரியான பிரதியை வைரஸில் ஏற்றிக் கண்ணுக்குள் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள். அது போய்ச் சேர்வது கருவுக்கு. மைட்டோகாண்ட்ரியாவின் மரபுக் குறியீடோ ஒரு வட்டார வழக்கு: வெளியே 'நிறுத்து' என்று பொருள்படும் யு.ஜி.ஏ. அங்கே டிரிப்டோபேன். ஆகவே மரபணுவைக் கருவின் வழக்குக்கு மாற்றி எழுதி, புரதம் போக வேண்டிய முகவரியையும் சேர்த்து அனுப்பினார்கள். ஊசி போட்டது ஒரு கண்ணில். போடாத கண்ணிலும் பார்வை ஓரளவு தேறியது!

மைட்டோகாண்ட்ரியா தாய்வழியே மட்டும் வருவது. வீட்டில் யாருக்காவது திடீரென்று நடுப்பார்வை மங்கினால், தாய்மாமனுக்கும் அப்படி ஆனதா என்று விசாரித்துக் கண் மருத்துவரிடம் சொல்லுங்கள்.